திகதியிடாத கடிதங்களும் 122 கையொப்பங்களும்

இலங்கையின் பாராளுமன்ற வரலாற்றில் மக்கள் பிரதிநிதிகளின் கையொப்பம் இரு தடவைகள் ஜனநாயகத்தின் போக்கைத் தீர்மானித்திருக்கிறது. 1982 ஆம் ஆண்டின் இறுதியில் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் திகதி குறிப்பிடப்படாத பதவி விலகல் கடிதங்களில் ஒப்பமிட்டு அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவிடம் கையளித்தார்கள். 2018 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் 122 பாராளுமன்ற உறுப்பினர்கள், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நியமித்த பிரதமருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையில் ஒப்பமிட்டார்கள். முதலாவது கையொப்பம் ஒரு பாராளுமன்றத்தைத் தனிமனிதர் ஒருவரின் சட்டைப்பைக்குள் வைத்தது. இரண்டாவது கையொப்பம் பாராளுமன்றத்தை அவ்வாறானதொரு கதியில் இருந்து காப்பாற்றியது.

இவ்விரு சம்பவங்களுக்கும் இடையில் 36 வருடங்கள் கடந்துபோயின. அந்த இடைவெளியில் எமது அரசியல்வாதிகள் உத்தமர்களாக மாறிவிட்டார்கள் என்று எவரும் கூறமாட்டார்கள். அப்படியானால் மாறியது எது? அரசியலமைப்பின் ஓர் உறுப்புரை மாறியிருந்தது. நீதிமன்றத்தின் துணிச்சல் கூடியிருந்தது. இவற்றுக்கும் மேலாக, பாராளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்து 'உங்கள் கடமையைச் செய்யுங்கள்' என்று கேட்பதற்குப் பிரஜைகளில் ஒரு பகுதியினர் வீதிக்கு வந்திருந்தார்கள். 52 நாட்கள் நீடித்த அந்த அரசியல் நெருக்கடியைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தலைவர்களின் பெயர்களையும் நீதிமன்றத் தீர்ப்பையும் மாத்திரமே நினைவுகூருகிறார்கள். பிரஜைகளின் பங்கும், அந்தப் பங்கிற்கு இருந்த எல்லையும் போதியளவுக்குப் பதிவு செய்யப்படவில்லை என்பதே இக்கட்டுரைக்கான காரணம்.

விளக்கும் குடமும்

முதலில் 1982 இற்குச் செல்வோம். அந்த வருடம் ஒக்டோபர் 20 ஆம் திகதி நடைபெற்ற இலங்கையின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் ஜெயவர்தன வெற்றி பெற்றார். அதையடுத்துப் பாராளுமன்றத் தேர்தல் நடக்கவேண்டியிருந்தது. 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தில் அவரது கட்சிக்கு ஆறில் ஐந்து பெரும்பான்மை இருந்தது. விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையின் கீழ் மீண்டும் ஒரு தேர்தலை நடத்தினால் அந்தப் பெரும்பான்மை கிடைக்கப்போவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே தேர்தலை நடத்துவதற்குப் பதிலாக, இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு வருடங்களுக்கு நீடிப்பதற்கு மக்களிடம் அனுமதி கேட்டு சர்வஜன வாக்கெடுப்பொன்றை நடத்துவதற்குத் தீர்மானித்தார்.

அதற்கான நான்காவது அரசியலமைப்புத் திருத்தச் சட்டமூலத்தைப் பரிசீலித்த உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களில் நால்வர், பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பில் மக்களின் அங்கீகாரமும் கிடைத்தால் போதுமானது என்ற முடிவுக்கு வந்தனர். ஒரேயொரு நீதியரசரின் வித்தியாசம். பாராளுமன்றத்தில் சட்டமூலம் எந்தவிதச் சிரமமும் இன்றி நிறைவேறியது. திகதியிடாத கடிதங்களைக் கொடுத்துவிட்டிருந்தவர்கள் வேறு எவ்வாறு வாக்களித்திருக்க முடியும்?

1982 டிசம்பர் 22 ஆம் திகதி, அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த சூழ்நிலையில் வாக்கெடுப்பு நடந்தது. நீடிப்பை ஆதரிப்பவர்களுக்கு விளக்குச் சின்னம், எதிர்ப்பவர்களுக்குக் குடம். 54.66 சதவீதமான வாக்குகளுடன் விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் குடத்திற்கே வாக்களித்தார்கள். நாடு முழுவதற்குமான பாராளுமன்ற ஜனநாயகத்தை மிகவும் உறுதியாகப் பாதுகாக்க முயன்ற மாவட்டம் எதுவென்று கேட்டால், அந்தத் தேர்தல் புள்ளிவிபரங்கள் யாழ்ப்பாணத்தையே சுட்டிக்காட்டும். தென்னிலங்கையின் வரலாற்று நூல்கள் இந்த உண்மையை அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை.

அந்த நாட்களிலும் பிரஜைகள் மௌனமாக இருந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். பௌத்த பிக்குமாரும் கிறிஸ்தவ மதகுருமாரும் சேர்ந்து 'பெவிதி ஹண்ட' (துறவியரின் குரல்) என்ற அமைப்பின் பெயரில், விளக்கிற்கு வாக்களிக்கவேண்டாம் என்று மக்களைக் கேட்டுத் துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டார்கள். பொலிசார் அச்சகத்திற்குச் சென்று அந்தப் பிரசுரங்களைக் கைப்பற்றினார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' நாளிதழின் அச்சகத்திற்கு முத்திரை வைக்கப்பட்டது. பிரசுரங்களைக் கைப்பற்றியது கருத்துச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று 1983 ஆம் ஆண்டின் முற்பகுதியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10,000 ரூபா இழப்பீடு செலுத்துமாறு உத்தரவிட்டது. அரசாங்கம் என்ன செய்தது? சம்பந்தப்பட்ட பொலிஸ் அதிகாரிக்குப் பதவி உயர்வு வழங்கியது. இழப்பீட்டுத் தொகையையும் அரசே செலுத்தியது. அதே வருடம் ஜூன் மாதத்தில், இன்னொரு அடிப்படை உரிமை வழக்கில் பொலிசாருக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் காடையர் கும்பல்கள் சென்று கூச்சலிட்டன. அடுத்த மாதம் ஜூலை. அந்த ஜூலையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பாராளுமன்ற உறுப்பினர்கள் தமது கையொப்பத்தை ஒப்படைத்துவிட்டால் அதற்குப் பிறகு பிரஜைகள் எவ்வளவுதான் குரல் கொடுத்தாலும் அந்தக் குரல் சென்றடைவதற்கு ஓர் இடம் இருக்காது என்பதே 1982 தந்த பாடம். 1983 ஆகஸ்டில் கொண்டுவரப்பட்ட ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம், பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர்கள் தமது ஆசனங்களை இழந்தார்கள். அவ்வாறு ஆசனம் இழந்தவர்களில் ஒருவர் அன்றைய திருகோணமலை உறுப்பினர் இரா. சம்பந்தன். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். 2018 இல் அவர் மீண்டும் வருகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு

1978 அரசியலமைப்பின் கீழ், பாராளுமன்றத் தேர்தல் நடந்து ஒரு வருடம் கடந்துவிட்டால் ஜனாதிபதி தான் விரும்பிய வேளையில் பாராளுமன்றத்தைக் கலைக்கமுடியும். 2003 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கத்திடம் இருந்து மூன்று முக்கிய அமைச்சுக்களைப் பறித்து, பாராளுமன்றத்தை ஒத்திவைத்து, 2004 பெப்ரவரியில் அதைக் கலைத்தபோது எவராலும் அதைச் சட்டரீதியாகத் தடுக்கமுடியவில்லை. சட்டம் அவரின் பக்கம் இருந்தது.

2015 ஏப்ரில் 28 ஆம் திகதி 212 உறுப்பினர்களின் ஆதரவுடன் நிறைவேறிய 19 ஆவது திருத்தம் இந்த நிலைமையை மாற்றியது. பாராளுமன்றம் முதன்முதலாகக் கூடிய நாளில் இருந்து நான்கரை வருடங்கள் கழியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானமொன்றின் மூலம் கேட்டுக்கொண்டால் அன்றி, ஜனாதிபதி அதைக் கலைக்கமுடியாது என்று 70(1) உறுப்புரை திருத்தப்பட்டது. இந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த பெருமைக்கு உரிமை கோரியவர் வேறு யாருமல்லர், ஜனாதிபதி சிறிசேனதான். உலகில் தனது அதிகாரங்களைத் தானாகவே குறைத்துக்கொண்ட தலைவர் என்று மேடைகளில் அவர் தன்னைப் பற்றிக் கூறிக்கொள்வது வழக்கம்.

அதே சிறிசேன, 2018 ஒக்டோபர் 26 வெள்ளிக்கிழமை இரவு பிரதமர் விக்கிரமசிங்கவைப் பதவிநீக்குவதாக அறிவித்து, 2015 இல் தான் தோற்கடித்த மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தார். நாடு அதைத் தொலைக்காட்சியில் பார்த்தே அறிந்துகொண்டது. அன்றிரவே அரச ஊடக நிறுவனங்களுக்குள் ராஜபக்ச ஆதரவாளர்கள் நுழைந்தார்கள். மறுநாள் பாராளுமன்றம் நவம்பர் 16 ஆம் திகதிவரை ஒத்திவைக்கப்பட்டது. பெரும்பான்மை இருந்திருந்தால் பாராளுமன்றத்தை உடனடியாகக் கூட்டியிருப்பார்கள். ஒத்திவைத்ததன் நோக்கம் பெரும்பான்மையைத் தேடுவதற்கு அவகாசம் பெறுவதே என்பதைச் சாதாரண வாக்காளரும் புரிந்துகொண்டார்.

225 உறுப்பினர்களைக் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 113 தேவை. 2015 தேர்தலில் சிறிசேன - ராஜபக்ச தரப்பான ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை 95 ஆசனங்கள். ஐக்கிய தேசியக் கட்சி தலைமையிலான அணிக்கு 106, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, ஜே.வி.பி.க்கு 6. குறைபாட்டை நிரப்ப எதிரணியில் இருந்து ஆட்களைப் பிடிக்கவேண்டியிருந்தது. பேரம் பேசல்கள் பற்றிய கதைகள் நாள்தோறும் பத்திரிகைகளை நிரப்பின. ஓர் உறுப்பினரின் விலை 50 கோடி ரூபாவரை சென்றதாக ஜனாதிபதியே பின்னர் கூறியதைவிட இதற்கு வேறு சான்று தேவையில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர் ஒருவரும் அந்தப் பக்கம் சென்று பிரதியமைச்சரானார்.

சுற்றுவட்டத்தில் நின்றவர்கள்

இந்தக் கட்டத்தில்தான் பிரஜைகள் வருகிறார்கள். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் உள்ள சுற்றுவட்டத்தில் ஒக்டோபர் இறுதியில் இருந்து மாலைவேளைகளில் மக்கள் கூடத் தொடங்கினார்கள். கட்சிகள் பஸ்களில் ஏற்றிவந்த கூட்டம் அல்ல அது. சட்டத்தரணிகள், கலைஞர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், தொழிற்சங்கவாதிகள், இளைஞர்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று பலதரப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். எண்ணிக்கையில் அது பெரிதாக இருக்கவில்லை. ஆனால் நாள் தவறாமல் வந்தார்கள்.

அவர்களது கோரிக்கையின் எளிமை கவனிக்கத்தக்கது. 'பாராளுமன்றத்தைக் கூட்டுங்கள், யாருக்குப் பெரும்பான்மை என்பதை அங்கே தீர்மானியுங்கள், உறுப்பினர்களே விலைபோகாதீர்கள்' என்பதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்கவில்லை. ரணில் விக்கிரமசிங்கவுக்காக நாம் இங்கு நிற்கவில்லை என்பதை அவர்களில் பலர் திரும்பத்திரும்பச் சொன்னார்கள். மத்திய வங்கி பிணைமுறி மோசடி, நிறைவேற்றப்படாத வாக்குறுதிகள், ஜனாதிபதியுடனான ஓயாத சச்சரவு என்று அந்த அரசாங்கத்தின்மீது கசப்பதற்கு அவர்களுக்குப் போதிய காரணங்கள் இருந்தன. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் அந்த அரசாங்கத்திற்கு மக்கள் பலத்த அடி கொடுத்திருந்தார்கள். பிடிக்காத ஓர் அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அந்த முறையே எமக்கு முக்கியம் என்று சொல்வதற்கு அரசியல் முதிர்ச்சி வேண்டும். கட்சி விசுவாசமே அரசியலாகிப்போன எமது நாட்டில் அதுவொரு புதிய குரல்.

நம்பிக்கை என்பது எவ்வாறு பரவுகிறது என்பதையும் அந்த நாட்கள் காட்டின. சபாநாயகர் கரு ஜயசூரிய ஆரம்பத்தில் தயக்கத்துடனேயே அடியெடுத்து வைத்தார். நவம்பர் 2 ஆம் திகதி நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பாராளுமன்றக் கட்டடத்தில் அவரைச் சந்தித்து, சபையைக் கூட்டுமாறு கோரினார்கள். நவம்பர் 5 ஆம் திகதி, பெரும்பான்மை நிரூபிக்கப்படும்வரை ஒக்டோபர் 26 இற்கு முன்னர் இருந்த நிலையையே தான் ஏற்பதாக அவர் பகிரங்கமாக அறிவித்தார். மறுநாள், புதிய அரசாங்கத்தில் பிரதியமைச்சராகப் பதவியேற்ற ஒருவர் இராஜினாமா செய்துவிட்டு எதிரணிக்குச் சென்றார். வேறு சிலரும் போன வழியே திரும்பினார்கள். பிரஜைகள் நின்றதனால் சபாநாயகர் நின்றாரா, சபாநாயகர் நின்றதனால் உறுப்பினர்கள் நின்றார்களா என்று பிரித்துக் காட்டமுடியாது. தான் தனியாக இல்லை என்ற எண்ணமே ஒவ்வொருவருக்கும் அடுத்த அடியை எடுத்துவைக்கும் துணிவைக் கொடுத்தது.

பெரும்பான்மையைத் திரட்டமுடியாது என்பது தெளிவானதும், நவம்பர் 9 ஆம் திகதி இரவு ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்து, 2019 ஜனவரி 5 ஆம் திகதி தேர்தல் என்று வர்த்தமானியில் அறிவித்தார். தேர்தல் நடத்துவது ஜனநாயகம்தானே, அதை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று அவரது ஆதரவாளர்கள் கேட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம். ஆனால், ஆட்டத்தில் தோற்கப்போகிறவர் விதியை மீறி ஆட்டத்தையே கலைத்துவிட்டு, மறுபடியும் விளையாடுவோம் வாருங்கள் என்று அழைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதுவும் அரச இயந்திரம் முழுவதும் அவரது கையில் இருக்கும்போது.

நவம்பர் 12 ஆம் திகதி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் குவிந்தன. ஐக்கிய தேசியக் கட்சி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, ஜே.வி.பி. ஆகியவற்றுடன் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற சிவில் அமைப்புக்களும், தேர்தல்கள் ஆணைக்குழுவின் உறுப்பினரான பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூலும் மனுதாரர்கள். மறுநாள் மாலை மூன்று நீதியரசர்கள் கொண்ட அமர்வு, வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. புதுக்கடையில் நீதிமன்றத்திற்கு வெளியே கூடிநின்றவர்களின் ஆரவாரம் அன்றிரவு நாடு முழுவதும் தொலைக்காட்சிகளில் ஒலித்தது.

நவம்பர் 14 ஆம் திகதி கூடிய பாராளுமன்றத்தில் ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க முன்மொழிந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல்வாக்கெடுப்பில் நிறைவேறியது. 122 பேரின் கையொப்பங்கள் சபாநாயகரிடம் இருந்தன. ஜனாதிபதி அதை ஏற்க மறுத்தார். அடுத்த இரு நாட்களும் சபைக்குள் நடந்தவற்றை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. சபாநாயகரின் ஆசனத்தை ஆக்கிரமித்து உட்கார்ந்தார்கள். கதிரைகளைத் தூக்கி எறிந்தார்கள். மிளகாய்த்தூள் கலந்த நீரை வீசினார்கள். நவம்பர் 16 ஆம் திகதி பொலிசார் சூழ்ந்துநிற்க, சபைக்குள் வந்து நின்றபடியே ஜயசூரிய அமர்வை நடத்தி, இரண்டாவது பிரேரணையையும் நிறைவேற்றினார். நவம்பர் 29 ஆம் திகதி பிரதமர் அலுவலகத்திற்கான நிதியை நிறுத்தும் தீர்மானம் 123 வாக்குகளால் நிறைவேறியது. 122 உறுப்பினர்கள் தாக்கல் செய்த மனுவின் பேரில், ராஜபக்சவும் அவரது அமைச்சர்களும் பதவிகளில் செயற்படுவதற்கு டிசம்பர் 3 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது.

டிசம்பர் 13 ஆம் திகதி, பிரதம நீதியரசர் நளின் பெரேரா தலைமையிலான ஏழு நீதியரசர்கள், பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 1982 இல் நான்குக்கு மூன்று. 2018 இல் ஏழுக்குப் பூச்சியம். டிசம்பர் 15 ஆம் திகதி ராஜபக்ச விலகினார். மறுநாள் விக்கிரமசிங்க மீண்டும் பிரதமரானார்.

தமிழர்களின் கணக்கு

அந்தத் தீர்ப்பு சட்ட உலகில் சம்பந்தனின் பெயராலேயே அறியப்படுகிறது. முதலாவது மனுதாரர் அவர்தான். அவருக்காக ஜனாதிபதி சட்டத்தரணி கே. கனக ஈஸ்வரன் வாதாடினார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரனும் நீதிமன்றத்தில் முன்னின்றார். 1983 இல் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தினால் பாராளுமன்றத்திற்கு வெளியே தள்ளப்பட்டவர், 35 வருடங்கள் கழித்து இன்னொரு திருத்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அதே பாராளுமன்றத்தைக் காப்பாற்றினார். 2024 ஜூன் 30 ஆம் திகதி அவர் காலமானபோது வெளியான அஞ்சலிக் குறிப்புகள் பலவும் இந்த முரண்நகையைச் சொல்லாமலே கடந்துபோயின.

வடக்கிலும் கிழக்கிலும் அந்த 52 நாட்களை மக்கள் எவ்வாறு பார்த்தார்கள்? 'இராமன் ஆண்டாலென்ன, இராவணன் ஆண்டாலென்ன' என்பதே பலரது மனநிலை. அதில் நியாயமும் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி வீதியோரங்களில் அமர்ந்திருந்த தாய்மார், அப்போதே 600 நாட்களைத் தாண்டியிருந்தார்கள். அவர்களுக்காகக் கொழும்பின் சுற்றுவட்டங்கள் நிரம்பியதில்லை. டிசம்பர் 12 ஆம் திகதி விக்கிரமசிங்கவுக்கு ஆதரவான நம்பிக்கைப் பிரேரணை 117 வாக்குகளால் நிறைவேறியபோது, அவற்றில் 14 வாக்குகள் கூட்டமைப்பினுடையவை. அந்த 14 இல்லையென்றால் 113 இல்லை. எழுத்துமூல உத்தரவாதம் எதையும் பெறாமல் ஏன் ஆதரவளித்தீர்கள் என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஒரு வாரத்திற்குள், டிசம்பர் 18 ஆம் திகதி, சம்பந்தனிடம் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் பதவி மகிந்த ராஜபக்சவுக்குச் சென்றது. புதிய அரசியலமைப்புக்கான முயற்சி, 2019 ஜனவரியில் நிபுணர்களின் அறிக்கை அரசியலமைப்புச் சபையில் சமர்ப்பிக்கப்பட்டதுடன் நின்றுபோனது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. 2018 ஒக்டோபர் 26 இற்கு ஓரிரு நாட்கள் முன்னர்தான் வடமாகாண சபையின் ஐந்து வருடப் பதவிக்காலம் முடிவடைந்தது. வடக்கு மக்கள் 2013 இல் முதன்முதலாகத் தெரிவுசெய்த சபை அது. புதிய சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. காரணம், 2017 செப்டெம்பரில் இதே பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைக் குழுநிலையில் அவசர அவசரமாகத் திருத்தி, தேர்தல் முறையை மாற்றியதும், அதற்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் அந்தப் பாராளுமன்றமே நிராகரித்ததும்தான். 2017 திருத்தத்திற்குக் கைதூக்கியவர்களில் கூட்டமைப்பினரும் அடங்குவர். அதாவது, நவம்பரில் ஜனநாயகத்தின் காவலர்களாக நின்ற கரங்களே சில மாதங்கள் முன்னர் வேறொரு வாக்குரிமையைக் கிடப்பில் போட்டிருந்தன. 2024 இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் நடந்தன. 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாண சபைத் தேர்தல் அவ்வருடங்களில் நடக்கவில்லை. ஒரு தேர்தலைச் சட்டவிரோதமாக முன்கூட்டி நடத்த முயன்றபோது வீதிக்கு வந்த நாடு, ஒன்பது மாகாணங்களின் தேர்தல்கள் சட்டத்தின் பெயராலேயே புதைக்கப்பட்டபோது அதைக் கவனிக்கவேயில்லை.

வென்ற பின்னர்

52 நாட்களின் வெற்றி நீண்டநாள் நிலைக்கவில்லை என்பது வரலாறு. ஜனாதிபதியும் பிரதமரும் ஒருவரையொருவர் நம்பாத நிலை தொடர்ந்தது. பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரே அழைக்கப்படாத அந்தச் சூழ்நிலையில்தான் 2019 ஏப்ரில் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நிகழ்ந்தன. அந்தப் பீதியின் மீதேறி கோதாபய ராஜபக்ச 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி 156 வாக்குகளுடன் 20 ஆவது திருத்தம் நிறைவேற, 19 ஆவது திருத்தம் குப்பைக் கூடைக்குப் போனது. 2022 ஒக்டோபரில் வந்த 21 ஆவது திருத்தம் சில பாதுகாப்புகளைத் திருப்பிக் கொடுத்தாலும், பாராளுமன்றத்திற்கான நான்கரை வருடக் காப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டரை வருடங்களுக்குப் பின்னர் ஜனாதிபதி கலைக்கலாம் என்ற ஏற்பாடே தொடர்ந்தது.

2022 ஏப்ரில் 9 ஆம் திகதி முதல் காலி முகத்திடலில் இலட்சக்கணக்கானோர் கூடியபோது எழுந்த சுலோகங்களில் ஒன்று '225 பேரும் வேண்டாம்' என்பது. நான்கு வருடங்களுக்கு முன்னர் அந்த 225 பேரைப் பார்த்து 'உறுதியாக நில்லுங்கள்' என்று கேட்ட அதே நகரத்தில் இருந்துதான் இந்தக் குரலும் வந்தது. இவ்விரு குரல்களும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சிலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. முதலாவது குரலுக்கு உறுப்பினர்கள் செவிசாய்த்தார்கள். ஆனால் அதன் மூலம் கிடைத்த பாராளுமன்றத்தை மக்களுக்குப் பயன்படும் ஒன்றாக ஆக்கவில்லை. இரண்டாவது குரல் அந்த ஏமாற்றத்தின் விளைவு. ஆனால் கோதாபய நாட்டைவிட்டு ஓடிய பின்னர், 2022 ஜூலை 20 ஆம் திகதி அடுத்த ஜனாதிபதியைத் தெரிவுசெய்தவர்களும் அதே பாராளுமன்றத்தினரே. '225 பேரும் வேண்டாம்' என்று சொன்னவர்களுக்கு, அந்த 225 பேரிடம் கேட்பதற்கு ஒரு தெளிவான கோரிக்கை அன்றைக்கு இருக்கவில்லை. 134 வாக்குகளுடன் விக்கிரமசிங்க தெரிவானார். இரண்டு நாட்களின் பின்னர் அதிகாலையில் இராணுவம் காலி முகத்திடலுக்குள் நுழைந்தது.

எனவே 2018 இன் அந்தச் சிறிய கூட்டம் கற்றுத்தந்த பாடம் இன்னமும் பழையதாகிவிடவில்லை. என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் சொன்னார்கள். அதை யாரிடம் கேட்கவேண்டுமோ அவர்களிடம் கேட்டார்கள். தமக்குப் பிடிக்காதவரின் உரிமைக்காகவும் கேட்டார்கள். உறுப்பினர்களின் கையொப்பம் யாருடைய சட்டைப்பைக்குள்ளும் போய்விடாமல் நாள்தோறும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் செய்யத் தவறியதும் ஒன்று உண்டு. டிசம்பர் 16 ஆம் திகதிக்குப் பின்னர் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாகாண சபைகளின் கட்டடங்கள் ஒன்பது மாகாணங்களிலும் இருக்கின்றன. ஆளுநர்கள் வந்து போனார்கள், கோவைகளில் ஒப்பமிட்டார்கள். மக்கள் தெரிவுசெய்த எவரும் அந்த ஆசனங்களில் அமராமல் வருடங்கள் உருண்டோடின. பாராளுமன்றத்தில் ஒரு சாதாரண பெரும்பான்மையால் திருத்தக்கூடிய சட்டம் அது. 113 உறுப்பினர்கள் போதும். 2018 இல் 122 பேரைக் கையொப்பமிட வைத்த மக்களால் இதையும் கேட்கமுடியும். கேட்பதற்கு யாழ்ப்பாணத்தவர் மாத்திரம் நின்றால் அது தமிழர் பிரச்சினை என்று ஒதுக்கப்படும். கொள்ளுப்பிட்டிச் சுற்றுவட்டத்தில் அன்று நின்றவர்களும் சேர்ந்து கேட்டால், அது வாக்குரிமைப் பிரச்சினையாகும்.